அந்த ரம்பப் பல் ஸ்குவாலோடானுடையதா?

கேட்டவரின் நிலைமை இது: கையில் ஒரு முக்கோணப் பல், விளிம்பில் ரம்பம் போன்ற வெட்டுகள். கூடவே வந்த சீட்டில் "ஸ்குவாலோடான், 2 கோடி ஆண்டுகள், டால்பின்களின் மூதாதை" என்று எழுதியிருக்கிறது. ஸ்குவாலோடான் என்பது அழிந்துபோன ஒரு பல் திமிங்கிலம். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இது வெறும் சுறாப்பல் என்று சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தாலும், உண்மையில் அவருக்குத் தெரிய வேண்டியது, ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதே. சுறாவா திமிங்கிலமா என்பதை வீட்டு மேசையிலேயே ஐந்து நிமிடத்தில் உறுதி செய்துவிடலாம். ஸ்குவாலோடான்தானா என்பதைப் பல்லை மட்டும் பார்த்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. வயதைப் பல் சொல்லாது, அது வந்த பாறையடுக்குதான் சொல்லும். டால்பின்களின் மூதாதை என்பது தவறு.

முதலில் வேரைப் பாருங்கள். சுறாவின் பல் தாடை எலும்பில் குழி தோண்டி நிற்பதில்லை, ஈறுத் தசையில் பதிந்து நிற்கும். அதனால் அதன் வேர் அகலமாக விரிந்து, இரண்டு மடல்களாகப் பிரிந்து, மகுடத்துக்கு (வேருக்கு மேலே எனாமல் போர்த்திய பகுதி) கீழே ஒரு தடித்த பட்டையாகக் கிடக்கும். உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், மேற்பரப்பு நுண்துளைகளோடு சொரசொரப்பாக இருக்கும். ஸ்குவாலோடான் வகைத் திமிங்கிலத்தின் கடைவாய்ப்பல் பாலூட்டிப் பல். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு தனித்தனி வேர்கள். ஒவ்வொன்றும் குறுக்குவெட்டில் உருளையாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். உடையாமல் கிடைத்தால் மகுடத்தைவிட நீளமாகவே இருக்கும். கடலில் உருண்ட பல்லில் வேர் பெரும்பாலும் போயிருக்கும். அப்போது பல்லைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். மகுடத்தின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு குழிகள் அல்லது மண் அடைத்த இரண்டு வட்டங்கள் தெரிந்தால், அவை பற்கூழ் இருந்த கால்வாய்கள். அதோடு சுறா வாதம் முடிந்தது.

அடுத்தது விளிம்பு. பெரிய சுறாக்கள் பலவற்றின் ரம்பம் நுணுக்கமானது, சீரானது.  திமிங்கிலப் பல்லில் இருப்பவை வெட்டுகள் அல்ல, துணைக்கூர்கள். ஒவ்வொன்றும் தனக்கென எனாமல் போர்த்திய குட்டிக் கூம்பு. எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நுனிக்கு அருகில் உள்ளது பெரிது, அடியை நோக்கி வரவரச் சிறிது. பின் விளிம்பில் தெளிவாகவும் கூடுதலாகவும் இருக்கும், முன் விளிம்பில் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு முக்கியமான தடயம். குழப்பம் வருவது இரண்டு சுறாக்களால்தான். மயோசீன் என்ற புவிக்காலத்தில் வாழ்ந்த ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்ற சுறாவின் மேல்தாடைப் பல்லில் ரம்பம் மிகவும் கொரகொரப்பாக, கண்ணுக்கே பெரிதாகத் தெரியும்; ஆனால் அதில் வெட்டுகள் நுனியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போய், நுனிக்குச் சற்றுக் கீழே சட்டென்று நின்றுவிடும். பசுச்சுறா எனப்படும் ஹெக்சாங்கஸ் குடும்பத்தின் கீழ்த்தாடைப் பல்லில் பல கூர்கள் சீப்புப் போல வரிசையாக நிற்கும். அது தட்டையான தகடு, தடிமனே இருக்காது. உங்கள் நண்பர் இப்படி ஏதாவது ஒன்றை முன்பு பார்த்திருந்தால், அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

மூன்றாவது எனாமல். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். பல்லைச் சாய்த்துப் பிடித்து, ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்படி வையுங்கள். சுறாப்பல்லின் மேற்பரப்பு வழவழவென்று கண்ணாடி போல மின்னும். ஸ்குவாலோடான் அடங்கிய ஸ்குவாலோடான்டிடே குடும்பத்தில் எனாமல் சுருக்கம் விழுந்தது. மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய முகடுகள், ஒன்றோடொன்று பிரிந்தும் இணைந்தும் போகும். மகுடத்தின் அடிப்பகுதியில், அதிலும் நாக்கைப் பார்த்த பக்கத்தில், இது அதிகம். தேய்ந்த பல்லில்கூட அடியில் சிறு பட்டையாவது மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் ஒத்துப்போனால் பாலூட்டிப் பல் என்பது உறுதி. ஆனால் கடல் பாலூட்டிகளில் துணைக்கூர் கொண்ட இரட்டைவேர்ப் பல் வேறு கூட்டங்களுக்கும் உண்டு, முக்கியமாக இரண்டுக்கு. ஒன்று சீல்கள்: அவற்றின் கடைவாய்ப்பற்கள் சிறியவை, மகுடம் பெரும்பாலும் குட்டையானது. ஸ்குவாலோடான் கடைவாய்ப்பல்லின் மகுடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் வரும். மற்றது பாசிலோசாரிட்கள், அதாவது இயோசீன் காலத்தின் பழைய திமிங்கிலங்கள். அவற்றின் கன்னப்பற்கள் பொதுவாக இன்னும் பெரியவை, துணைக்கூர்கள் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இங்கே பாறையின் வயது முடிவைச் சொல்லும் (இயோசீன், ஒலிகோசீன், மயோசீன் என்பவை அடுத்தடுத்து வந்த புவிக்காலங்கள்): இயோசீன் முடிந்தது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு; ஸ்குவாலோடான் வாழ்ந்தது ஒலிகோசீனின் பிற்பகுதியிலிருந்து மயோசீனின் நடுப்பகுதி வரை, தோராயமாக 2.8 கோடி ஆண்டுகளிலிருந்து 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய பல் என்றால் இன்னொரு சோதனையும் தேவை. வடமேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சந்தைக்கு வரும் பாசிலோசாரிட் பற்களில் ஒரு பல்லின் மகுடத்தை இன்னொரு பல்லின் வேரோடு ஒட்டி, இடைவெளியில் மணல் கலந்த பசையை நிரப்பி விற்பது சர்வசாதாரணம். அதே கைவேலை எந்த அரிய பல்லுக்கும் வரும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். செயற்கைப் பசைகள் பலவும் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். சுற்றியுள்ள பல் மங்கலாகவே இருக்கும். பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு இணைப்புக் கோட்டில் வைத்தால் சில பசைகள் இளகும். ஆனால் ஒழுங்கான அருங்காட்சியக முறைப்படி உறுதியாக்கப்பட்ட பல்லிலும் அசிட்டோனில் கரையும் பிசின் பூசியிருப்பார்கள். எனவே இளகுவது மட்டும் மோசடிக்குச் சாட்சி அல்ல. சந்தேகம் தீராவிட்டால் பல் மருத்துவரிடம் உள்ள எக்ஸ்ரே போதும்: உண்மையான பல்லில் வேரின் கால்வாய் தடங்கலின்றி மகுடத்துக்குள் ஏறும், ஒட்டுப்போட்டதில் கோடு நடுவில் முறியும் அல்லது விலகி நிற்கும்.

இந்தப் பற்கள் ஏன் அரிது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். இன்றைய பல் திமிங்கிலங்களுக்கோ வாழ்க்கை முழுக்க ஒரே தொகுதிதான், பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பது இல்லை. பாசிலோசாரிட்களிடம் பல்மாற்றம் இருந்தது. ஸ்குவாலோடான் காலத்துக்குள் அது நின்றுவிட்டது என்றே கருதப்படுகிறது. அப்படியானால் தனியாகக் கிடைக்கும் பல் பெரும்பாலும் செத்து அழுகிய உடலிலிருந்து விழுந்தது. ஒரே கடற்கரையில் சுறாப்பல் கூடை கூடையாகக் கிடைக்க, திமிங்கிலப் பல் எப்போதாவது ஒன்று தட்டுப்படுவது இதனால்தான்.

இனி அந்தப் பெயர். ஸ்குவாலோடான் என்ற பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுதி) பற்களின் மேல் கட்டப்பட்டது, சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1840-ல் பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே லெயோன்யான் என்ற இடத்தில் கிடைத்த தாடைத் துண்டை வைத்து கிராத்துலூ என்ற மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். அவர் அதை இகுவானோடான் என்ற டைனோசருக்கு நெருங்கிய ஊர்வன என்று நினைத்தார். அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1834-ல், பாசிலோசாரஸும் ஊர்வன என்ற எண்ணத்தில்தான் பெயர் பெற்றது. அந்தப் பெயரிலேயே பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது (கிரேக்கத்தில் 'சாரஸ்' என்றால் பல்லி). இந்த வகைத் தாடை அறிஞர் கண்ணில் பட்டது அதற்கும் வெகு முன்பு. சிசிலிய ஓவியர் அகொஸ்தினோ ஷில்லா, மால்டாவில் கிடைத்த பல்லுள்ள தாடைத் துண்டு ஒன்றை 1670-ல் வெளியிட்ட நூலில் வரைந்திருக்கிறார். கல்லுக்குள் இருப்பவை இயற்கையின் விளையாட்டு அல்ல, உயிரினங்களின் மிச்சம்தான் என்று வாதிட்ட நூல் அது. அந்தத் துண்டு இன்று கேம்பிரிட்ஜின் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயர் வந்த பிறகு, துணைக்கூர் உள்ள முக்கோணத் திமிங்கிலப் பல் எங்கே கிடைத்தாலும் ஸ்குவாலோடான் என்று போட்டுவிடும் பழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஒற்றைப் பல்லுக்கெல்லாம் புது இனப்பெயர் சூட்டினார்கள். துணைக்கூர்ப் பல் என்பது ஸ்குவாலோடானின் தனிச்சொத்து அல்ல; ஆதித் திமிங்கிலங்களிடமிருந்து பல கிளைகளுக்கும் வந்த பரம்பரைச் சொத்து. பலரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து ஒருவரை அடையாளம் காட்ட முடியுமா? பட்டாகோனியாவின் ப்ரோஸ்குவாலோடானை நெடுங்காலம் இதே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது பெரும்பாலோர் அப்படி வைப்பதில்லை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கிடைத்து ஸ்குவாலோடான் எர்லிகி என்று பெயர் பெற்றது இன்று பாட்ரியோசீட்டஸ் என்ற வேறு பேரினம். இருப்பதிலேயே நல்ல பாடம் தென் கரோலினாவிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த மூக்குப்பகுதித் துண்டுக்கு 1887-ல் ஸ்குவாலோடான் டீட்மனி என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அதே இனத்தின் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு கிடைத்து, 2020-ல் விரிவாக விவரிக்கப்பட்டபோது, அது வேறு பேரினம் என்பது தெளிவாகி அங்கைலோரைசா என்று மாறியது. நீளம் 4.8 மீட்டர் அளவுக்கு வந்தது. முன்பற்கள் தந்தம் போல முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு துண்டை வைத்து வைத்த பெயர் 133 ஆண்டுகள் நின்றது.

அப்படியென்றால் ஸ்குவாலோடான் என்று தைரியமாகச் சொல்ல எது இருக்கிறது? மண்டையோடும் தாடையும் சேர்ந்து கிடைத்த சில இனங்கள்: பிரான்சின் ஸ்குவாலோடான் பாரியென்சிஸ், இத்தாலியின் ஸ்குவாலோடான் பெல்லுனென்சிஸ், அமெரிக்காவின் மேரிலாந்தில் கால்வர்ட் பாறைமுகடுகளிலிருந்து ஆய்வாளர் கெல்லாக் 1923-ல் விவரித்த ஸ்குவாலோடான் கால்வெர்டென்சிஸ், வர்ஜீனியாவிலிருந்து 2005-ல் பெயரிடப்பட்ட ஸ்குவாலோடான் விட்மோரை. இவற்றைப் பார்த்தால் விலங்கு எப்படி இருந்தது என்பது தெரியும். நீண்ட ஒடுங்கிய மூக்கு. அதன் முனையில் ஒற்றை வேர் கொண்ட நீளமான கூம்புப் பற்கள், முன்னோக்கிச் சாய்ந்தவை. பின்னே போகப்போகப் பல் குட்டையாகி, தட்டையாகி, துணைக்கூர் முளைத்து இரட்டை வேராகும். தாடையின் ஒரு பக்கத்தில் சுமார் 15 பற்கள்; பாலூட்டிகளின் பழைய கணக்கு 11 மட்டுமே, கூடுதல் பற்கள் பின்கடைவாயில் சேர்ந்தவை. இன்றைய டால்பினிடம் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி முளைக்குச்சியாக நிற்பதை நினைத்தால், பாதி வழியில் நிற்கும் வாய் இது. மண்டையோடு அப்படி அல்ல, அது ஏற்கெனவே நவீனம்: மூக்குத் துளை நெற்றிக்கு ஏறிவிட்டது, மேல்தாடை எலும்பு பின்னோக்கி வழிந்து நெற்றி எலும்பை மூடிவிட்டது.

டால்பின்களின் மூதாதை என்று எழுதத் தூண்டியது இந்தக் கலவைதான். பாசிலோசாரஸ் வாயும் டால்பின் தலையும் இருந்தால் இடையில் நிறுத்தத் தோன்றும். காலவரிசை இடம் கொடுக்காது. பல் திமிங்கிலங்களும், பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களும் பிரிந்தது இயோசீனின் இறுதியை ஒட்டி. ஓரிகானின் சிமோசீட்டஸ் போன்ற பல் திமிங்கிலங்கள் ஒலிகோசீனின் முற்பகுதியிலேயே இருந்தன. ஸ்குவாலோடான் மயோசீன் கடலில் நீந்திக்கொண்டிருந்தபோது, ஒரே மாதிரிச் சிறு பற்கள் கொண்ட கென்ட்ரியோடான் போன்ற டால்பின் உறவினரும், ஸ்பெர்ம் திமிங்கிலக் கிளையைச் சேர்ந்தவையும் அதே காலத்தில் இருந்தன. ஆக இது சமகாலத்தில் வாழ்ந்த பக்கக் கிளை.

எந்தக் கிளையின் பக்கம் என்பதில்தான் இன்றும் சண்டை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து முய்சோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் முன்வைத்த கருத்துப்படி, இன்று உயிரோடிருப்பவற்றில் ஸ்குவாலோடானுக்கு நெருக்கம் கங்கையிலும் சிந்துவிலும் வாழும் ஆற்று ஓங்கில், அதாவது பிளாட்டனிஸ்டா. ஆதாரங்களில் முக்கியமானது தோள்பட்டை எலும்பு. மற்றத் திமிங்கிலங்களில் அந்த எலும்பின் முன்பக்கம் இரண்டு நீட்சிகள் இருக்கும். பிளாட்டனிஸ்டாவில் ஒன்று மறைந்து, மற்றது எலும்பின் முன்விளிம்புக்கே நகர்ந்துவிட்டது. ஸ்குவாலோடானிலும் அதே போக்கு தெரிகிறது என்பது வாதம். காதெலும்பின் சில வடிவங்களும் துணைக்கு வந்தன. பலவீனம் என்னவென்றால், தோள்பட்டை கிடைத்த மாதிரிகள் மிகக் குறைவு. பின்னர் வந்த கணினி வழிக் கிளைமர ஆய்வுகளில் சில ஸ்குவாலோடானை பிளாட்டனிஸ்டா பக்கம் வைக்கின்றன, சில இன்றைய எல்லாப் பல் திமிங்கிலங்களும் பிரிவதற்கு முன்பே கிளைத்த தண்டில் வைக்கின்றன. என் சாய்வைக் கேட்டால், பழைய வகை ஸ்குவாலோடான்களின் உட்காது எலும்புகளை ஒழுங்காக மறுபடி விவரிக்கும் வரை தண்டுப் பக்கமே பாதுகாப்பானது. இது சாய்வு மட்டுமே. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒலியால் இரை தேடியதா என்பதில் சந்தேகம் குறைவு. தலையில் இருக்கும் கொழுப்புத் திரள் கல்லாவதில்லை என்றாலும், ஒலி எழுப்பும் தசைகள் உட்காரும் அகன்ற முகக் குழிவு மண்டையோட்டில் இருக்கிறது. உட்காதின் சுருள் எலும்பும் உயர்ந்த ஒலியைக் கேட்பதற்கேற்ற அமைப்புடையது. அது மட்டுமல்ல, 2014-ல் விவரிக்கப்பட்ட கோட்டிலோகாரா என்ற பல் திமிங்கிலம் சுமார் 2.8 கோடி ஆண்டு பழமையானது. அதிலேயே இந்தத் திறனின் எலும்புத் தடயங்கள் தெளிவாக உள்ளன. உணவு விஷயத்தில் மீன் என்பது வரை சொல்லலாம். பல் நுனிகள் தேய்ந்து மழுங்கியிருப்பதைப் பார்த்தால் கடினமான இரையும் உண்டு என்று ஊகிக்கலாம். பென்குவினைக் கிழித்துத் தின்றது என்பதெல்லாம் ஓவியர்களின் உரிமை. ஏன் அழிந்தது என்பதற்கு நவீன டால்பின்களின் போட்டி, மயோசீனின் நடுவில் கடல் குளிர்ந்தது என்று இரண்டு விளக்கங்கள் சுற்றுகின்றன. காலம் பொருந்துகிறது என்பதைத் தாண்டி எதற்கும் பலமான சான்று இல்லை.

பல்லைப் பத்திரப்படுத்துவதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒட்டிய சுண்ணாம்பை எடுக்க வினிகரில் போடுவார்கள். அமிலம் சுண்ணாம்போடு பல்லின் மேற்பரப்பையும் தின்னும், அடையாளம் காட்டிய எனாமல் சுருக்கம்தான் முதலில் போகும். மரக்குச்சியும் மென்மையான தூரிகையும் போதும், மீதி இருந்தால் இருக்கட்டும். ஈரக் களிமண்ணிலிருந்து எடுத்ததை வெயிலில் வைப்பார்கள். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் சுருங்கும் வேகத்துக்கு எனாமல் ஈடுகொடுக்காமல் செதில் செதிலாகக் கழன்றுவிடும். நிழலில், ஈரத்துணியைத் தளர்வாகச் சுற்றி, பல நாட்களில் மெல்ல உலர்த்த வேண்டும். கடலோரத்தில் கிடைத்ததானால் அதற்கு முன்பு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு பின்னாளில் படிகமாகி உள்ளிருந்தே பிளக்கும். மூன்றாவது, பளபளப்புக்காக வார்னிஷ் பூசுவது. நொறுங்கும் பல்லுக்குத் தேவையானால் பாராலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் அளவுக்குக் கரைத்து மெல்லியதாகப் பூசலாம். பின்னர் தேவைப்பட்டால் அதைக் கரைத்தே எடுத்துவிட முடியும்.

சீட்டை மாற்றி எழுதுங்கள். விற்றவரிடம் ஊரும் பாறையடுக்கின் பெயரும் கேட்டு வாங்க முடிந்தால் அதுதான் முதல் வரி. கிடைக்காவிட்டால் வயது என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரட்டை வேர், சமமில்லாத துணைக்கூர், சுருங்கிய எனாமல் மூன்றும் இருந்து பாறை மயோசீன் என்றும் தெரிந்தால் "பல் திமிங்கிலம், ஸ்குவாலோடான்டிடே குடும்பத்தை ஒத்தது" என்பது நியாயமான அடையாளம். பாறை தெரியாதபட்சத்தில் "துணைக்கூர்ப் பல்லுடைய திமிங்கிலம்" என்பதோடு நிறுத்துங்கள். பழைய சீட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பின்னால் மடித்து வையுங்கள். நிபுணர் யாரிடமாவது காட்டப் போகிறீர்கள் என்றால் கன்னப்பக்கம், நாக்குப்பக்கம், முன், பின், மேல், அடி என ஆறு கோணங்களிலும் அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். பெரும்பாலோர் கன்னப்பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். பார்ப்பவர் முதலில் கேட்கப்போவது அடிப்பகுதிப் படத்தைத்தான்.